தேங்காய்க்கு மாட்டிய கண்ணாடி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்கும் வித்தை என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். இப்போது அதற்கு இயந்திரமும் வந்துவிட்டது. அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. சந்தேகப்படுவதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

திருவனந்தபுரத்தில் ஒரே கண் மருத்துவமனையில் முப்பத்து நான்கு வருடம் பார்வை பரிசோதிக்கும் வேலை பார்த்தேன். யாரையும் எளிதில் நம்ப மாட்டேன். லைசென்ஸுக்காக எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்த பஸ் டிரைவரைப் பிடித்திருக்கிறேன். தோழி கண்ணாடி போட்டிருக்கிறாள் என்பதற்காகத் தலைவலி என்று அழுத பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிடித்திருக்கிறேன். எஸ்தரிடம் பொய் சொன்னால் தப்ப முடியாது என்று எங்கள் டாக்டரே வெளியே சொல்லுவார். அதில் எனக்கு உள்ளுக்குள் பெருமை. அந்தப் பெருமை ஒரு பெண்ணின் கண்ணைப் பறித்திருக்கும். கடைசி நேரத்தில் தப்பியது.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. ஒரு நாள் காலை, வெளி நோயாளிகள் பிரிவைத் திறந்துகொண்டிருந்தபோது ஒரு தம்பதி ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வலியசாலை அக்ரஹாரத்தில் வீடு. அவள் பெயர் மைதிலி, கல்லூரியில் கணக்கு விரிவுரையாளர், முப்பத்திரண்டு வயது. புருஷன் ராமகிருஷ்ணன் ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் அதிகாரி. அவள் வலது கண்ணின்மேல் ஐஸ் சுற்றிய துண்டை அழுத்திப் பிடித்திருந்தாள். நான் அவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர்தான் பதில் சொன்னார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. குழாயில இடிச்சுண்டுட்டா."

"எந்தக் குழாய்?"

"குழாய்தான்... சுவத்துல இருக்கற குழாய்."

துண்டை எடுத்துப் பார்த்தேன். கண்மணிக்கு முன்னால் ரத்தம் இறங்கி அடியில் கோடாகத் தேங்கியிருந்தது. விரலைக் காட்டினால் எண்ண முடிந்தது, அவ்வளவுதான் பார்வை. ஆனால் புருவத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கன்னத்து எலும்பிலும் இல்லை. குழாயில் போய் முட்டுகிறவருக்கு முதலில் எலும்பில்தான் அடிபடும். கண் குழிக்குள் இருப்பது. இவளுக்கோ எலும்பைத் தொடாமல் நேராகக் கண்ணுக்குள்ளேயே ஏதோ போயிருக்கிறது.

அந்த ஆளின் முகத்தைப் பார்த்தேன். வேர்த்திருந்தது. என் கண்ணைப் பார்க்கவே இல்லை. இந்த மாதிரி முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறவனின் முகம்.

சீட்டு எடுத்து வரச் சொல்லி அவரை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் குனிந்து கேட்டேன். "எங்கிட்ட சொல்லலாம். அவரு அடிச்சாரா?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழ ஆரம்பித்தாள். "அவர் அடிச்சது... இல்லை மேடம், அப்படி இல்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லையாக்கும்" என்றாள்.

எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. இப்படித்தான் எல்லாப் பெண்களும் சொல்லுவார்கள் என்று நானே முடிவு கட்டினேன். அவள் காலில் வெள்ளை அடிப்பாகம் வைத்த கான்வாஸ் ஷூ இருந்தது. தலைமுடியை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். பாத்ரூமில் ஷூ போட்டுக்கொண்டு யார் வழுக்கி விழுவார்கள்? அதை நான் கண்ணால் பார்த்தேன். மனதில் வாங்கவில்லை. என் சந்தேகத்துக்கு எது பொருந்தியதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வராந்தாவில் அவரை நிறுத்தி, "சார், குழாயில இடிச்சா இப்படி இருக்காது. இதெல்லாம் டாக்டர் எழுதித்தான் ஆகணும். போலீஸுக்குச் சொல்ல வேண்டி வந்தாலும் வரும்" என்றேன். அவர் முகம் வெளுத்தது.

டாக்டர் மருந்து போட்டு, தலையை உயர்த்தி வைத்துப் படுத்திருக்கச் சொல்லி, தினமும் வந்து காட்டச் சொன்னார். ரத்தம் முழுக்க வடிந்தபின், மூன்று வாரம் கழித்துக் கண்மணியை விரித்து, விழித்திரையை ஓரம்வரை பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். நான்கு நாள் வந்தார்கள். ரத்தம் வடிந்தது, பார்வையும் தெளிந்து வந்தது. அந்த நான்கு நாளும் அவர் என்னைக் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வாரம் கழித்து வரவே இல்லை. போன் செய்தேன். என் பெயரைச் சொன்னதும் எதிர்ப்பக்கம் போனை வைத்துவிட்டார்கள். பார்த்தாயா, அனுப்ப மாட்டேன் என்கிறான், என் சந்தேகம் சரிதான் என்று அதையும் என் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் இன்னொருவர் வந்தார். பாங்க் மேனேஜர். மாடிப்படியில் விழுந்தாராம். கண்ணுக்குள் அதே ரத்தம், அதே மாதிரி புருவத்தில் கீறல் இல்லை. இவர் கூட வந்திருந்தது ஒல்லியான ஒரு மனிதர். பெயர் சுடலைமுத்து, அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடமாக இங்கே ஒரு கிளப்பில் ஸ்குவாஷ் மார்க்கராக வேலை செய்கிறவர். கோர்ட்டைத் திறந்து பெருக்கி வைப்பது, ஆள் சேராதபோது மெம்பர்களுக்கு எதிராக ஆடுவது, புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது எல்லாம் அவர்தான். நாலு பக்கமும் சுவர் எழுப்பிய அறைக்குள் இரண்டு பேர் ஒரே பக்கம் நின்று, மட்டையால் ஒரு சின்ன ரப்பர் பந்தைச் சுவரில் மாற்றி மாற்றி அடிக்கும் ஆட்டம். அதுவரை எனக்கு அவ்வளவுகூடத் தெரியாது.

மேனேஜரை உள்ளே அனுப்பிவிட்டு அவரிடம் வந்தேன். இந்தத் தடவை என்னிடம் ஒரு முடிவும் கிடையாது. மேனேஜரை அடிக்கிற புருஷன் இல்லையே.

"அண்ணாச்சி, மாடிப்படியில விழுந்தவருக்கு முட்டியிலயும் முழங்கையிலயும் ஒண்ணுமில்ல. அது எப்படி?"

சுடலைமுத்து வாசலைத் திரும்பிப் பார்த்தார். "யக்கா, நான் சொன்னேன்னு வெளிய தெரியப்பிடாது. எனக்கு வேலை போயிரும்."

"சொல்லுங்க."

சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்புப் பந்தை எடுத்து என் கையில் வைத்தார். எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை. "கண்ணுக்குழியில கச்சிதமா உக்காரும் பாத்துக்கிடுங்க. பெரிய பந்துன்னா எலும்பு தாங்கிரும். இது நேரா உள்ள போயிரும். ஆட ஆடச் சூடாகி, வாற வேகம் கண்ணுக்குத் தெரியாது. போன மாசம் வலியசாலை அம்மாவுக்கும் இதான். அவுக வீட்டுக்காரர் அடிச்ச பந்து. பாவம் மனுசன், அங்கேயே தரையில உக்காந்து அழுதாரு."

நான் பந்தைப் பிடித்தபடி நின்றேன். அவர் அடித்தாரா என்று நான் கேட்டதும், அவள் சிரித்து அழுததும் ஞாபகம் வந்தது. அடித்தது அவர்தான். அடித்தது பந்தை.

ஏன் மறைத்தார்கள் என்று கேட்டேன். கோர்ட்டை மூடிவிட்டு அங்கே சீட்டாடும் அறை கட்ட வேண்டும் என்று கிளப் கமிட்டியில் ஒரு கூட்டம் காத்திருந்ததாம். ஒருவருக்கு அடிபட்டது என்று வெளியே தெரிந்தால் அதையே காரணமாக்குவார்கள். அதனால் ஆடுகிறவர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு பாத்ரூம், மாடிப்படி என்று சொல்லி வந்தார்கள். மைதிலிக்கு இன்னொரு பயமும் உண்டு. அதிகாலையில் இரண்டு பேரும் கிளப்புக்கு விளையாடப் போவது மாமியாருக்குத் தெரியாது.

அன்றே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மலையாளி, அதிகம் பேசமாட்டார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். மைதிலியின் சீட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தார்.

"விழித்திரை நோக்கலை. பந்துன்னா ஓரத்துல கிழிஞ்சிருக்கலாம். எஸ்தர், நீ போயி கூட்டிட்டு வா."

"போன் எடுக்க மாட்டேங்காங்க டாக்டர்."

"போன் வேண்டா. அந்த ஆளை ஓட்டிவிட்டது நீயல்லே? நீயே போ."

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி வலியசாலைக்கு நடந்தேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். உள்ளதைச் சொன்னால் அவள் மாமியாரிடம் மாட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால் என்னோடு எதற்கு வருவாள்?

கதவைத் திறந்தது மாமியார்தான். அறுபது வயதுக்குமேல் இருக்கும். என் கைப்பையையும் கழுத்தில் தொங்கிய சிலுவையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாராக்கும்?"

"கண் ஆஸ்பத்திரியிலேர்ந்து வாறேன் அம்மா. மைதிலி மேடத்துக்குப் பரிசோதனை ஒண்ணு பாக்கி இருக்கு. எங்க தப்பு. அதான் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"உங்க தப்புக்கு நீங்களே ஆத்துக்கு வந்து கூப்பிடறேளா? அப்படி ஒரு ஆஸ்பத்திரி இந்த ஊர்ல உண்டா?"

உள்ளேயிருந்து ராமகிருஷ்ணன் வந்தார். என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். நான் இரண்டு அடி உள்ளே போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "பந்துன்னு தெரிஞ்சுபோச்சு சார். நான் உங்களைத் தப்பா நெனச்சேன். அதுக்கு எப்ப வேணும்னாலும் என்னை ஏசுங்க. இப்ப அவங்க கண்ணைப் பாக்கணும். ஒரு நாள்கூடத் தள்ள முடியாது."

அவர் பதில் சொல்வதற்குள் மைதிலி அடுக்களையிலிருந்து வந்தாள். "மேடம், ரெண்டு நாளா வலது கண்ணுல மின்னல் மாதிரி வெட்டறது. கறுப்பா பொட்டுப் பொட்டா பறக்கறது. அது ஆறிண்டு வரதோன்னு நெனச்சேன்."

விழித்திரை கிழிந்தவர்கள் சொல்வது அது. "செருப்பைப் போடுங்க" என்றேன். மாமியார் என்னை நம்பவில்லை. நம்பாததால் தானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். வழி முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஓரத்தில் கிழிசல் இருந்தது. அதைச் சுற்றி நீர் இறங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் சில நாள் போயிருந்தால் விழித்திரை கழன்று விழுந்திருக்கும் என்றார் டாக்டர். உடனே லேசர் போட்டு அடைத்தார். வெளியே பெஞ்சில் மாமியார் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ராமகிருஷ்ணன் அதற்குமேல் தாங்க முடியாமல் சொல்லிவிட்டார்.

"அம்மா, அது குழாய் இல்லை. நான் அடிச்ச பந்து. நாங்க ரெண்டு பேரும் கிளப்புக்குப் போய் ஆடறோம்."

அவள் மகன் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள். "அப்போ தினம் காலம்பற ஸ்வாமி தரிசனம்னு சொன்னதெல்லாம்?"

அந்தக் கண் பிழைத்தது. பார்வையும் ஏறக்குறைய முழுக்கத் திரும்பியது. ஆனால் அடிபட்ட கண்ணில் பிற்காலத்தில் அழுத்தம் ஏறலாம் என்பதால் அவள் வருடாவருடம் வந்து காட்ட வேண்டியிருந்தது. நான் ஓய்வு பெறும்வரை வந்தாள்.

அதற்குப் பிறகு டாக்டர் சென்னையிலிருந்து ஆறு விளையாட்டுக் கண்ணாடிகளை வரவழைத்தார். சில்லுச் சில்லாக உடையாத பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக், பின்னால் எலாஸ்டிக் பட்டை. "கிளப்புக்குப் போயி சொல்லு. போட்டு ஆடச் சொல்லு" என்றார். பெரிய காரியமாக எனக்குத் தோன்றவில்லை. கண் யாருக்குத்தான் வேண்டாம்?

ஒரு சாயங்காலம் போனேன். கோர்ட்டுக்கு வெளியே பெஞ்சுகளில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஸ்குவாஷுக்குப் பொறுப்பான செக்ரட்டரி ராணுவத்தில் ஓய்வு பெற்ற ஒரு கர்னல். மலையாளி, வெகுகாலம் தமிழ்நாட்டில் இருந்தவர். மூக்கில் கனத்த கண்ணாடி. நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார்.

"இது எந்தக் கடை?"

"கடை இல்ல சார். ஆஸ்பத்திரியிலேர்ந்து."

"ஆஸ்பத்திரியில கீழே கண்ணாடிக் கடை உண்டல்லோ?"

இருந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள். வேர்த்தால் புகை மூடும் என்றார் ஒருவர். ஓரத்துப் பந்து தெரியாது என்றார் இன்னொருவர். கர்னல் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "நான் கண்ணாடி போட்டுத்தான் முப்பது வருஷமா ஸ்குவாஷ் களிக்கறேன். எனக்கு இதுதான் காவல்."

"அது சாதாரணக் கண்ணாடி சார். உடைஞ்சா சில்லு கண்ணுக்குள்ள போகும். சும்மா இருக்கிறதைவிட அது ஆபத்து."

"முப்பது வருஷமா உடையலை. இங்க யாருக்காவது கண்ணுல அடிபட்டிருக்கா? கேளுங்க."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மூன்றாவது பெஞ்சில் அந்த பாங்க் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். கண்ணில் சிவப்புகூட இன்னும் முழுசாக மாறவில்லை. என்னை முன்பின் பார்த்திராதவர் போல ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். பெயரைச் சொல்லிக் கைகாட்டியிருந்தால் அன்று நான் ஜெயித்திருப்பேன். நாக்கு நுனிவரை வந்தது. நோயாளி நம்மிடம் சொன்னது, பொய்யாகவே இருந்தாலும், நாம் எடுத்து வெளியே போட நமக்கு உரிமை இல்லை. கண்ணாடிகளைப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தேன்.

"நேக்கு பட்டிருக்கு."

மைதிலி. புடவை கட்டிக்கொண்டு புருஷனோடு வாசலில் நின்றாள். ஆட அவளுக்கு இன்னும் அனுமதி கொடுக்கவில்லை. சும்மா பார்க்க வந்திருந்தாள். "குழாய்னு நான் சொன்னது பொய். கர்னல் சாருக்கும் தெரியும். கண்ணு போயிருக்கும்" என்றாள். ராமகிருஷ்ணன் நேராக வந்து என் பையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார். சுடலைமுத்து இன்னொன்றை எடுத்தார். கொஞ்சம் பொறுத்து மேனேஜரும் எழுந்து வந்தார், என் முகத்தைப் பார்க்காமலே.

கர்னல் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். "நீங்க நல்லதுக்குத்தான் சொல்றதா இருக்கும். ஆனா கமிட்டிக்காரன் இதைக் கேட்டா நாளைக்கே இங்க பூட்டு விழும். உங்களை அவங்கதான் அனுப்பினாங்களோன்னு எனக்கு சம்சயம்." அவருடைய சந்தேகத்துக்கும் ஒரு காரணம் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கோர்ட்டைக் காப்பாற்ற அவர் ஒருவர்தான் ஓடிக்கொண்டிருந்தார்.

ஆறு கண்ணாடியும் போயின. போட்டவர்களைப் பார்த்து மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். நாலைந்து மாதத்தில், வெளியூர் போயிருந்த ஒரு மெம்பர் அதே மாதிரி ஒரு டஜன் கண்ணாடிகளை மொத்தமாக வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். கர்னல் தவிர எல்லோரும் போடுகிறார்கள் என்று சுடலைமுத்து வந்து சொன்னபோது டாக்டருக்குக்கூடத் தெரியாமல் நான் பாதி நாள் சிரித்துக்கொண்டே வேலை செய்தேன்.

ஒரு நாள் மத்தியானம் ராமகிருஷ்ணன் ஒரு கண்ணாடியைக் கொண்டு வந்தார். பழையதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, புது டஜனில் ஒன்றை அவர் எடுத்திருந்தார். பட்டை தளர்ந்துவிட்டது, சரி செய்ய வேண்டும் என்றார். வாங்கி ஸ்டீல் தட்டில் வைத்தேன். சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. பழையது தட்டில் விழுந்தால் மந்தமாகக் கேட்கும். இது கிண்ணென்றது. விளக்கில் பிடித்துப் பார்த்தேன். திருகாணி ஓட்டையைச் சுற்றித் தலைமுடி போல விரிசல்கள்.

டாக்டரிடம் ஓடினேன். "இது வேற பிளாஸ்டிக் மாதிரி இருக்கு."

"சந்தேகமா, உறப்பா?"

"சந்தேகம்தான்."

"இன்னைக்கு எத்தனை பேர் அதைப் போட்டு ஆடுவாங்க?"

"ஏழெட்டுப் பேராவது இருக்கும்."

"பின்னே நீ ஏன் இங்க நிக்கறே?"

ஆட்டோவில் போகும்போது எனக்கு நன்றாகவே தெரிந்தது. போடுங்கள் போடுங்கள் என்று கெஞ்சியவளே வந்து கழற்றச் சொல்லப்போகிறேன். அதுவும் வெளியே வாங்கியதைக் கழற்று, எங்களுடையதைப் போடு என்று. கர்னல் முதல் நாளே கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்லிக் கொடுப்பது போல இருக்கும். இதற்குமேல் ஒருவரும் எதையும் போடமாட்டார்கள். என் சந்தேகம் தப்பாக இருந்தால்? ஏற்கெனவே ஒரு தடவை தப்பாகச் சந்தேகப்பட்டு வினை வைத்தவள்தானே? நாளை சோதித்துப் பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்தக் கண்ணாடி இருக்கிற தைரியத்தில் அவர்கள் முன்னைவிட நெருங்கி நின்று ஆடுவார்கள். நாளைக்குள் ஒரு கண் போனால் அந்தத் தைரியத்தைக் கொடுத்தது நான்.

கோர்ட்டுக்குள் இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து தரையில் உருண்டு நின்ற நேரம் பார்த்துக் கதவைத் தட்டி உரக்கச் சொன்னேன். "கண்ணாடியைக் கழத்துங்க. ஆட்டத்தை நிறுத்துங்க."

கர்னல் வந்தார். நான் சொன்னதைக் கேட்டார். நான் பயந்ததையே கேட்டார்.

"அப்போ உங்க ஆஸ்பத்திரிக் கண்ணாடி மாத்திரம் நல்லது?"

"நான் சொல்றதை நம்ப வேண்டாம் சார். அடிச்சுப் பாருங்க."

சுடலைமுத்து சமையற்கட்டிலிருந்து உரித்த தேங்காய் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு ஸ்டூலில் துணியைச் சுருட்டி வைத்து அதன்மேல் தேங்காயை நிறுத்தி, புதுக் கண்ணாடியை அதற்கு மாட்டினோம். அவர் கொஞ்ச நேரம் சுவரில் அடித்துப் பந்தைச் சூடாக்கினார். முதல் இரண்டு அடி விலகிப் போனது. மூன்றாவது நேராகப் பட்டது. கண்ணாடி மூன்று துண்டாகியது. ஒரு சில்லு தேங்காயில் மிச்சமிருந்த நாரில் குத்தி நின்றது. உள்ளே ஆடிக்கொண்டிருந்த இருவரும் அவரவர் முகத்திலிருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார்கள்.

"இனி உங்களோடது" என்றார் கர்னல்.

அந்த நிமிடம் எனக்கு நினைவு வந்தது. டாக்டர் சொன்னார், பெட்டியில் எழுதியிருந்தது, நான் நம்பினேன். யாரையும் நம்பாத எஸ்தர் இதை ஒரு நாளும் அடித்துப் பார்த்ததில்லை. மேனேஜர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். அதைத் தேங்காய்க்கு நானே மாட்டினேன். சுடலைமுத்து அடித்தார். ஓரத்தில் பட்டைக் கொக்கி பிய்ந்து கண்ணாடி தொங்கியது. ஓடிப்போய் எடுத்தேன். லென்ஸில் விரிசல் இல்லை.

"இதுவும் ஒடிஞ்சதல்லோ" என்றார் கர்னல்.

"கொக்கிதான் சார். கண்ணு இருக்கு."

சுடலைமுத்து மட்டையைத் தாழ்த்தினார். "சார், தப்பா நெனைக்கப்பிடாது. உங்க கண்ணாடியையும் வச்சுப் பாப்பமா?"

பதினைந்து வருடத்தில் அவர் கர்னலிடம் அப்படி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். கர்னல் அவரை முறைத்தார். பிறகு தானே கழற்றி, தானே தேங்காய்க்கு மாட்டினார். கயிறு கட்டி இறுக்கினார். "நல்லா அடி" என்றார்.

ஒரே அடி. சில்லுகள் சிதறிக் கோர்ட்டின் நடுக்கோடு தாண்டித் தெறித்தன. தேங்காயின் முகம் முழுக்கக் கண்ணாடித் தூள் மின்னியது.

கண்ணாடி இல்லாமல் அவருக்கு நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. முழங்கையைப் பிடித்து வாசற்படி இறக்கி அவருடைய கார்வரை கூட்டிப் போனேன். டிரைவர் கதவைத் திறந்தார். கர்னல் நன்றிகூடச் சொல்லாமல் ஏறிக்கொண்டார். அவ்வளவுதான், இனி இந்தக் கிளப் வாசலை நமக்குத் திறக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை, முதல் சீட்டே அவருடையது. என் அறையில் வந்து உட்கார்ந்தார். பவர் பார்த்தேன். ஒவ்வொரு லென்ஸுக்கும் இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டார். நான் எழுதிய எண்ணைத் திருப்பி வாங்கிச் சரி பார்த்தார். அவருடைய பவரில் அந்த பாலிகார்பனேட் லென்ஸ் வருமா என்று கேட்டார். வரும், சென்னையிலிருந்து வர இரண்டு வாரம் ஆகும் என்றேன்.

"ரெண்டெண்ணம் வேணும்" என்றார்.

"ஒண்ணு போதும் சார், இது சீக்கிரம் கெடாது."

"ஒண்ணு போடறதுக்கு. ஒண்ணு அடிச்சு நோக்கறதுக்கு."

இரண்டு வாரம் கழித்து இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார். பிறகு நடந்ததைச் சுடலைமுத்து சொல்லித்தான் கேட்டேன். வேறு யாரையும் அடிக்க விடவில்லையாம். வீட்டிலிருந்த பழைய கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு, தானே மட்டையை எடுத்து, ஒரு சாயங்காலம் முழுக்கத் தேங்காயைக் குறிவைத்துப் பந்தை அடித்தாராம். தேங்காய் விரிசல் விட்டதாம், லென்ஸ் நின்றதாம். அதன்பிறகு மற்றொன்றை மாட்டிக்கொண்டு ஆடிவிட்டு, கண்ணாடி இல்லாதவர் உள்ளே வரக் கூடாது என்று தன் கையாலேயே எழுதிக் கோர்ட்டுக் கதவில் ஒட்டினாராம். கமிட்டியில் எழுந்து நின்று, அடிபட்டவர்களின் கதையை மறைக்காமல் சொல்லி, இனி அப்படி நடக்காமல் இருக்க என்ன செய்திருக்கிறோம் என்றும் சொன்னாராம். கோர்ட்டை மூடவில்லை.

நீங்கள் இந்த வேலையில் இருக்கும்வரை அவரைப் போன்றவர்கள் வருவார்கள். உங்கள் படிப்பையும் உங்கள் நோக்கத்தையும் உங்கள் கண்ணெதிரிலேயே சந்தேகப்படுவார்கள். எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. அவர்கள் இரண்டு கேட்டால் இரண்டு கொடுங்கள். அடித்துப் பார்க்கட்டும்.